வரப்பைத் தாண்டாத சர்வேயர்

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றை எதற்குப் பிடித்தேன் என்பது கடைசியில் வரும். போச்சம்பள்ளிப் பக்கம் நிலம் அளக்க ஆள் தேடுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் கிருஷ்ணகிரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள். நிலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா போன பிறகு இந்த ஒன்றரை வருடத்தில் கற்றுக்கொண்டதுதான். அதற்காக இரண்டு தனியார் சர்வேயர்களுக்குக் காசு கொடுத்திருக்கிறேன். முதலாமவருக்குக் கொடுத்தது தண்டம். இரண்டாமவரைப் பற்றியதுதான் இந்த விமர்சனம். இரண்டு பேர் பெயரையும் போடவில்லை. முதல் ஆள் பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார். இரண்டாமவரிடம் போடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கும்மா, வர்ற போனையே எடுக்க முடியல" என்றார். அது உண்மைதான். அவர் போன் எடுக்க மாட்டார்.

அப்பா விட்டுப் போனது 1 ஏக்கர் 40 சென்ட் மாந்தோப்பு. பெங்களூரா மரம் ஐம்பது சொச்சம், கிணற்று ஓரம் பாட்டி நட்ட நாட்டு மாமரம் ஒன்று. பட்டாவில் 0.56.5 ஹெக்டேர் என்று இருக்கும். ஒரு ஏர் என்றால் 2.47 சென்ட், பெருக்கினால் கிட்டத்தட்ட அந்தக் கணக்கு வரும். இதைக்கூட நான் நாற்பத்தாறு வயதில்தான் பெருக்கிப் பார்த்தேன். தம்பி பெங்களூரில் இருக்கிறான். ஆளுக்குப் பாதி என்று பேசி முடித்தோம். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எதற்கு நிலம் என்று ஊரில் இரண்டு பேர் கேட்டார்கள். தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் 1989-லேயே வந்துவிட்டது, என் கல்யாணம் 2001-ல் நடந்தது என்று சொன்னேன். அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் பாகம் பிரிப்பதற்கு முன் நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். வடக்கிலும் மேற்கிலும் அது முடிகிற இடத்தில் பெரியப்பா கொல்லை இருந்தது.

பெரியப்பா என்றால் அப்பாவின் பங்காளி. கூட்டுக் கிணற்றில் மோட்டார் முறை யாருக்கு எந்த நாள் என்பதில் தொடங்கிய தகராறு, வரப்பு வரைக்கும் போய், ஏழு வருடமாகப் பேச்சு இல்லை. அப்பா சாவுக்கு வந்தார், தூரத்தில் நின்றார், போனார். இந்த ஏழு வருடத்தில் பெரியம்மாவின் கையை நான் ஒரே ஒரு முறை தொட்டிருக்கிறேன். சர்க்கரை பார்க்க எங்கள் லேபுக்கே வந்திருந்தார். ஊசி குத்தினேன், பஞ்சு வைத்து மடக்கிப் பிடிக்கச் சொன்னேன். அதைத் தவிர இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் சர்வேயர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இரண்டாமவரின் அருமை புரியாது. ஏப்ரல் மாதம், மரமெல்லாம் காய். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். "பக்கத்துக்காரருக்குச் சொல்லணுமா சார்?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு மேடம், சந்தை நாள், எல்லாரும் போச்சம்பள்ளி போயிருப்பாங்க. ஒரு மணி நேர வேலை" என்றார். எனக்கும் அப்போது அது நல்லதாகத்தான் பட்டது. பெரியப்பா முகத்தில் விழிக்க வேண்டாமே. இதில் என் பங்கும் உண்டு என்பதை மறைக்கவில்லை.

வந்தார். முள்வேலியைக் காலால் அமுக்கிக்கொண்டு உதவியாள் பையன் அந்தப் பக்கம் தாண்டினான். கருவிக்குப் பார்வை மறைக்கிறது என்று பெரியப்பா மரத்தில் நான்கு கிளையை வெட்டினான். காயோடு விழுந்த சத்தம் கேட்டுப் பெரியம்மா வீட்டிலிருந்து வந்துவிட்டார்.

"யாரக் கேட்டு உள்ள வந்தீங்க?"

"சர்வேம்மா" என்றார் இவர். அந்த ஒரு வார்த்தை சொன்னால் கதவெல்லாம் திறந்துவிடும் என்ற மாதிரி.

"எந்த சர்வே? ஆர்டர் எங்க?"

ஆர்டர் எங்கே இருக்கும்? முக்காலியை மடக்கிக்கொண்டு வண்டி ஏறிவிட்டார். வரப்பில் நான் தனியாக நின்றேன். பெரியம்மா என்னைத் திட்டவில்லை, பார்த்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

பத்து நாள் கழித்து அவர் அனுப்பிய படம் அதைவிட மோசம். எல்லைக் கல் எதையும் கண்டுபிடிக்காமல், செயற்கைக்கோள் படத்தின் மேல் புலப்படத்தை (நிலத்தின் அரசு அளவை வரைபடம்) ஒட்ட வைத்து, கைபேசி ஜிபிஎஸ்ஸில் நாலு புள்ளி எடுத்துக் கோடு போட்டிருந்தார். கைபேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கோடு பெரியப்பாவின் மாட்டுக் கொட்டகைக்கு நடுவில் ஓடியது. தம்பி அதை அப்படியே ஊர்க்காரர் யாருக்கோ அனுப்ப, அது பெரியப்பா கைக்குப் போய், விஷயம் காவல் நிலையம் வரை போனது. கிளைக்கு 3,000 ரூபாய் கொடுத்துச் சமாதானம் ஆனோம். சர்வேயருக்குக் கொடுத்த 6,000 முன்பணம் திரும்பவில்லை.

இரண்டாமவரைப் பிடித்துக் கொடுத்தது எங்கள் லேபுக்கு வரும் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர். போன் செய்தேன், நான்காவது முறை எடுத்தார். எவ்வளவு ஏக்கர், எந்த ஊர் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "சுத்திலும் யார் யார் நிலம்? அவங்களோட பேச்சுவார்த்தை இருக்கா?"

இல்லை என்றேன். "அப்ப அதுதான் முதல் வேலை. மிஷின் அப்புறம்" என்றார்.

மறுநாள் லேபுக்கே வந்தார். பட்டா, அப்பாவின் கிரயப் பத்திரம், புலப்படம் மூன்றையும் வாங்கி மேசையில் விரித்தார். எங்கள் புலப்படம் பழையது, அளவெல்லாம் கண்ணிக் கணக்கில் இருந்தது. அந்தக் காலச் சங்கிலி ஒன்று 66 அடி, அதில் நூறு கண்ணி. ஒரு சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம் இருந்தால் சரியாகப் பத்து சென்ட். "வெள்ளைக்காரன் கணக்க எவ்ளோ சுலபமா வெச்சிருக்கான் பாருங்க" என்றார். 1792-ல் திப்புவிடமிருந்து பாரமகால் கைமாறியதும் கேப்டன் ரீடும் மன்ரோவும் வந்து வயல் வயலாக அளந்தது இந்தச் சீமையைத்தான், உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் ஆரம்பித்தது என்று ஒரு கதையும் சொன்னார். அவருக்குப் பேச்சு கொஞ்சம் அதிகம். மாதிரிக் குழாய்களை அடுக்கிக்கொண்டே கேட்டேன்.

ஆனால் அன்று அவர் விளக்கிய ஒரு விஷயத்தை எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. என் நிலத்தை அளக்க என் நிலத்தில் மட்டும் நின்றால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். புலப்படம் அப்படி வரையப்படவில்லை. எங்கள் புல எண்ணில் நான்கு உட்பிரிவுகள். எங்களுடையது மூன்றாவது. மொத்தப் புலத்தின் ஒரு மூலைக் கல்லிலிருந்து எதிர் மூலைக் கல்லுக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். ஜி லைன் என்கிறார்கள். அந்தக் கோட்டில் இத்தனை தூரம் நடந்து, அங்கிருந்து வலது பக்கம் இத்தனை, இடது பக்கம் இத்தனை என்று எல்லா வளைவும் அதிலிருந்துதான் கிளம்புகிறது. எங்கள் கோட்டின் தென்கிழக்குக் கல் வண்டிப்பாதை ஓரம் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம். வடமேற்குக் கல் பெரியப்பா கொல்லைக்குள். மூன்று புலங்கள் கூடுகிற முக்கூட்டுக் கல். அந்தக் கல்லைத் தொடாமல் என் வரப்பு எது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

"அப்ப உள்ள போயித்தானே ஆகணும்?" என்றேன்.

"போகணும். ஆனா எனக்குப் போற அதிகாரம் கிடையாதும்மா" என்றார். அரசு சர்வேயர் வந்தால் கதை வேறு. 1923-ஆம் வருட நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் அவருக்குப் பின்னால் நிற்கிறது. அவரும் அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் கொடுத்துத் தேதி சொல்லிவிட்டுத்தான் சங்கிலி பிடிக்க வேண்டும். சாலை போட அளக்க வருகிறவர்களுக்கு 1956-ஆம் வருட நெடுஞ்சாலைச் சட்டம் வழி விடுகிறது. "எனக்கு இருக்கிறது ஒரு முக்காலியும் ஒரு மிஷினும்தான். உங்க பெரியப்பா வரச் சொன்னா வருவேன். சொல்லலன்னா ரோட்டுல நிப்பேன்."

ஒத்துக்கொள்ளவே மாட்டார் என்றேன். என் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். "நீங்க கை நீட்டச் சொல்லாம குத்துவீங்களா?"

டிரோன் விட்டுப் பார்க்கலாமா என்று தம்பி போனில் கேட்டான். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு மிஷின் இருக்கும். "மாந்தோப்புக்கு மேல பறந்தா இலை தெரியும், கல்லு தெரியாது. அந்தம்மா குளிக்கிற தட்டி மறைப்பு வேணா தெரியும். அப்புறம் அதுக்கு ஒரு கேஸு" என்று சிரித்துவிட்டார்.

அவர் செய்தது இதுதான். ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில், தமிழில், ஒரு கடிதம் எழுதினார். எத்தனை பேர் வருவார்கள் (மூன்று), எந்த வழியாக வருவார்கள், எவ்வளவு நேரம் இருப்பார்கள், எந்தக் கல்லைத் தேடுவார்கள், மண்ணைத் தோண்ட வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுத் தோண்டி மூடிவிடுவார்கள், மரம் செடி எதையும் வெட்ட மாட்டார்கள், புதுக் கல் எதுவும் நட மாட்டார்கள். இந்த அளவை பெரியப்பாவைக் கட்டுப்படுத்தாது, தகராறு என்றால் அரசு அளவைக்குத்தான் போக வேண்டும் என்பதையும் எழுதியிருந்தார். கீழே அவர் கையெழுத்து, போன் நம்பர். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். "தேதி அவர் சொல்லட்டும்."

"நீங்களே கொண்டு போய்க் கொடுக்க முடியாதா சார்?" என்று கேட்டேன். முடியாது என்றார். நிலத்துக்காரர் கேட்க வேண்டியதை சர்வேயர் போய்க் கேட்டால் ஆள் அனுப்பி மிரட்டுகிற மாதிரி ஆகிவிடுமாம். இதற்காக அவர் மேல் எனக்கு மூன்று நாள் கோபம் இருந்தது.

நான்காம் நாள் சாயங்காலம் போனேன். வாழைப்பழம் வாங்கிப் பாதி வழியில் பெரியம்மாவின் சர்க்கரை நினைவுக்கு வந்து, திரும்பிப் போய்க் கொய்யாவாக மாற்றிக்கொண்டேன். நாய் குரைத்தது. பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இவ எதுக்கு வந்துக்கிறா?" உள்ளே பார்த்துக் கேட்டார்.

பெரியம்மா வந்து கொய்யாவை வாங்கிக்கொண்டார். "உக்காரு" என்றார். கடிதத்தை நீட்டினேன். அவருக்குப் படிக்க வரும், ஆனால் கண்ணாடி இல்லை என்று பேரனைக் கூப்பிட்டார். பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தான். "புதுக் கல் எதுவும் நட மாட்டோம்" என்ற இடத்தில் பெரியப்பா கயிறை நிறுத்தினார். அதை மறுபடியும் படிக்கச் சொன்னார்.

அவர் பயம் எங்கே இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் மகளைக் கொடுத்திருப்பது பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம். சென்னை - சேலம் எட்டு வழிச் சாலைக்கு 2018-ல் அளந்தபோது அவர்கள் கொல்லையிலும் கல் நட்டார்கள். 277 கிலோமீட்டர் சாலை, அதில் இவர் சம்பந்தியின் இரண்டு ஏக்கர். "போலீஸோட வந்தான். கொல்லையில மொளச்சது என்னன்னு கூட பாக்கல. கல்ல நட்டான், நம்பர் எழுதினான், போயிட்டான். எங்க சம்பந்தி அந்தக் கல்லுகிட்டயே உக்காந்து அழுதாரு." 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த நிலமெடுப்பைச் செல்லாது என்றபோது ஊரில் பட்டாசு வெடித்தார்கள் என்றார். அடுத்த வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லிவிட்டது. அதற்கு என்ன வெடிப்பது? அதிலிருந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு எவன் வந்தாலும் இவருக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏப்ரலில் நான் கூட்டி வந்த ஆள் வேலியை மிதித்துக்கொண்டு நுழைந்தபோது இவர்கள் வீட்டில் நினைத்தது என் வரப்பை அல்ல.

நான் எதுவும் சொல்லவில்லை. கிளையை வெட்டியது தப்பு பெரியப்பா என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பெரியம்மா காபி கொண்டுவந்தார், எனக்குச் சர்க்கரை போட்டு.

பிறகு நிபந்தனைகள் வந்தன, ஒவ்வொன்றாக. ராகி அறுத்து முடிந்த பிறகுதான். காலையில்தான். கிழக்குப் படல் வழியாகத்தான். பேரன் கூடவே இருப்பான், போனில் படம் எடுப்பான். நாயைக் கட்டிப்போடுவார், ஆனால் கொட்டகைப் பக்கம் யாரும் போகக் கூடாது, கறவை மாடு மிரளும். எல்லாவற்றையும் பேரனை விட்டுக் கடிதத்தின் பின்பக்கம் எழுத வைத்துக் கையெழுத்துப் போட்டார். ராகி அறுக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. சர்வேயரிடம் சொன்னேன். "இருக்கட்டும். மிதிச்சு அளந்து என்ன ஆகப்போவுது" என்றார்.

டிசம்பர் முதல் வாரம், காலை ஆறே முக்காலுக்கு வந்தார்கள். பெரியப்பா பால் ஊற்ற சொசைட்டிக்குப் போயிருந்தார். படல் திறந்துதான் கிடந்தது. பேரனும் "வாங்க சார்" என்றான். இவர் உள்ளே வரவில்லை. "தாத்தா வரட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பாதையில் நின்று, அந்த இருபத்தைந்து நிமிடத்தில் வண்டிப்பாதை ஓரக் கல்லைச் சுத்தம் செய்து முதல் இடத்தில் கருவியை நிறுத்தி முடித்தார். பெரியப்பா பால் கேனோடு திரும்பி வந்து, மூடியிருக்க வேண்டிய படல் திறந்திருப்பதையும் ஆள் வெளியே நிற்பதையும் பார்த்தார். எதுவும் சொல்லாமல் படலை இன்னும் அகலமாகத் தள்ளிவிட்டார்.

முக்கூட்டுக் கல்லை எங்கே தேடுவது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். உதவியாளர் டேப்பை எடுத்தார். பெரியப்பா எருக்குழியைக் காட்டினார்.

"கல்லு அதுக்குள்ள இருக்குது. உங்கப்பனுக்கும் தெரியும்."

ஏழு வருடம். இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்தி ஏப்ரலில் 6,000 கொடுத்துச் செயற்கைக்கோளில் தேடியிருக்கிறேன்.

கேட்டுவிட்டு, எருவை ஒரு பக்கம் ஒதுக்கி, முழங்கால் ஆழம் தோண்டினார்கள். கல் கிடைத்தது. சாயாமல், மேலே வெட்டிய குறி அழியாமல். பேரன்தான் முதலில் தொட்டுத் துடைத்தான். அதன் மேல் கண்ணாடிக் கோலைப் பிடித்து அளவு எடுத்தார்கள். முன்பு வந்தவர் நேர்கோடு வேண்டும் என்று கிளையை வெட்டிய இடத்தில், இவர் கருவியை இடம் மாற்றி மாற்றி ஐந்து இடத்தில் நிறுத்தி, மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். அதனால்தான் ஒரு மணி நேர வேலை என்று அவர் சொன்னது இவருக்கு நான்கு மணி நேரம் ஆனது. போகும்போது குழியை மூடி எருவை மறுபடி அதே இடத்தில் குவித்தார்கள்.

முடிவைச் சொன்னால் சிரிப்பீர்கள். வடக்கு வரப்பில் பெரியப்பாவின் ராகி எங்கள் பக்கம் வந்திருந்தது. 30 மீட்டர் நீளத்துக்கு, ஒரு முனையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி மறுமுனையில் 1.4 மீட்டர். முக்கோணமாகக் கணக்கிட்டால் 21 சதுர மீட்டர், அதாவது அரை சென்ட். மேற்கில் அப்பா போட்ட வேலி அவர் பக்கம் போயிருந்தது, அது 6 சதுர மீட்டர். கழித்தால் மிச்சம் 15. ஒரு சென்ட் என்பது நாற்பது சதுர மீட்டர் சொச்சம் என்பதை நினைவில் வையுங்கள். மொத்த நிலம் நாங்கள் சொல்லிவந்த 1 ஏக்கர் 40-க்குப் பதிலாக 1 ஏக்கர் 39 சென்ட் சொச்சம் வந்தது. பழைய சங்கிலி அளவுக்கு இது சகஜம் என்றார். மாட்டுக் கொட்டகை முழுக்க முழுக்க அவர்கள் நிலத்தில்தான் இருந்தது, எல்லையிலிருந்து நன்றாகத் தள்ளி. அதைச் சர்வேயர் முதலில் பெரியப்பாவிடம் சொன்னார், அப்புறம்தான் என்னிடம்.

இனி குறைகள். ஐந்து நாளில் படம் தருகிறேன் என்றவர் பதினாறு நாள் இழுத்தார். படம் முழுக்க ஆங்கிலம், எழுத்து எறும்பு அளவு. அனுமதிக் கடிதத்தை அவ்வளவு அழகாகத் தமிழில் எழுதத் தெரிந்தவருக்குப் படத்தில் வடக்கு, தெற்கு என்று எழுத என்ன கஷ்டம்? கேட்டேன், மென்பொருளில் வராது என்றார், நம்பவில்லை. கூலி 9,500. முதல் ஆள் கேட்டதைவிட அதிகம். அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டாவது முறை வந்து மரக்குச்சி அடித்து வண்ணம் பூசியதற்குத் தனியாக 1,500 வாங்கியதை முன்பே சொல்லியிருக்கலாம். போன் விஷயம் ஏற்கனவே சொன்னேன்.

தம்பிக்கு வேறு ஒரு குறை. அறிக்கையில் ஆக்கிரமிப்பு என்ற வார்த்தையைப் போடச் சொன்னான். இவர் "வடக்கு வரப்பு அளவுக்கோட்டிலிருந்து இவ்வளவு தள்ளி உள்ளது" என்று மட்டும் எழுதினார், மேற்கு வேலியையும் அதே மாதிரி. "நான் அளக்கிறவன். யார் தப்புன்னு சொல்றவன் இல்ல" என்றார். தம்பிக்கு இவர் மார்க் மூன்றுதான்.

இவர் கல் நடுவதில்லை என்பதையும் தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள். அதிகாரபூர்வமாக அத்து, அதாவது எல்லை, காட்ட வேண்டுமானால் அரசு அளவைக்குத்தான் மனுப் போட வேண்டும். இப்போது இணையத்திலேயே போடலாம், முன்பெல்லாம் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தோம் என்று எங்கள் பழைய கிராம அலுவலர் சொன்னார். மனுவை நானே லேபில் உட்கார்ந்து போட்டேன். குறுவட்ட நில அளவர் நோட்டீஸ் அனுப்பி, தலையாரியோடு வந்தார். பெரியப்பா நோட்டீஸை வாங்கிக் கையெழுத்துப் போட்டார், அன்று வீட்டில் இருந்தார், எருக்குழியைக் காட்டினார். எங்கள் சர்வேயர் போட்ட குச்சிகளுக்கும் அரசு அளவைக்கும் ஒரு மூலையில் ஒரு சாண் வித்தியாசம் வந்தது, மற்றது அப்படியே பொருந்தியது. வடக்கில் இரண்டு கல் நட்டார்கள். பெரியப்பா அடுத்த போகத்துக்கு உழும்போது கல்லுக்கு அந்தப் பக்கம் ஏரைத் திருப்பிக்கொள்கிறேன் என்றார். மேற்கு வேலியை நாங்கள் மாற்ற வேண்டும், இன்னும் மாற்றவில்லை, முள்கம்பிக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கிணற்று முறைத் தகராறு அப்படியே இருக்கிறது. அதற்கு சர்வேயர் கிடையாது.

போன வாரம் பெரியம்மா மறுபடி சர்க்கரை பார்க்க வந்தார். கையை நீட்டிக்கொண்டே, முக்கூட்டுக் கல்லின் மேல் பெரியப்பா மறுபடியும் எருவைக் கொட்டி மேடாக்கிவிட்டார் என்று சொன்னார்.